ரேவன் நம் அண்டங்காக்கைதானா?

வட ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவியப் புராணங்களில் ஓடின் என்னும் கடவுளின் தோளில் அமர்ந்திருக்கும் ரேவன் நம் ஊர் அண்டங்காக்கையேதானா, அப்படியானால் மதில்மேல் சோற்றுக்குக் காத்திருக்கும் ஒரு பறவைக்கு அந்த மக்கள் ஏன் அத்தனை பெரிய இடத்தைக் கொடுத்தார்கள் என்பது கேள்வி. முதல் பாதிக்கு விடை சுருக்கமானது: இரண்டும் வெவ்வேறு பறவைகள். இரண்டாம் பாதிக்கான விடையை அந்தப் பறவை எப்படி வாழ்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனெனில் ரேவனைப் பற்றிய பழங்கதைகளில் பெரும்பாலானவை, என் கருத்தில், அதை நெடுங்காலம் உற்றுப் பார்த்தவர்கள் சொன்னவை.

குழப்பத்துக்குக் காரணம் அகராதிகள். ஆங்கிலச் சொல்லுக்கு நேராக அண்டங்காக்கை என்று எழுதிவிட்டு அவை நகர்ந்துவிடுகின்றன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நாம் அண்டங்காக்கை என்று அழைப்பது உடல் முழுதும் கறுத்து, அலகு தடித்து, கழுத்தில் சாம்பல் நிறம் சிறிதும் இல்லாத காட்டுக் காக்கை. அதன் அறிவியல் பெயர் கோர்வஸ் குல்மினேட்டஸ். கழுத்து சாம்பல் பூத்த ஊர்க்காக்கை கோர்வஸ் ஸ்பிளெண்டன்ஸ். ரேவன் என்பது 1758ஆம் ஆண்டில் உயிரியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட கோர்வஸ் கோராக்ஸ். மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த பங்காளிகள் என்றாலும் உருவத்தில் பெரிய வேறுபாடு உண்டு. நம் ஊர்க்காக்கை 300 கிராம் அளவில் இருக்கும். ரேவன் ஒரு கிலோவைத் தாண்டும், குளிர்நாடுகளில் சில இரண்டு கிலோவை நெருங்கும். சிறகை விரித்தால் நான்கடி அகலம் வரும். வானில் வட்டமிடும் நம் கரும்பருந்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்குக் காக்கையின் உடலைக் கொடுத்துப் பார்த்தால் அளவு ஓரளவு பிடிபடும். பறக்கும்போது அதன் வால் விசிறிபோல் விரியாமல் நடுவில் நீண்டு ஆப்பு வடிவம் கொள்ளும். தொண்டையில் தாடிபோலத் தொங்கும் இறகுகள் உண்டு. குரல் ‘கா’ அன்று; அடித்தொண்டையிலிருந்து உருண்டு வரும் ‘க்ரோங்க்’.

ஆர்க்டிக் கரையிலிருந்து வட ஆப்பிரிக்கப் பாலை வரை, ஐஸ்லாந்திலிருந்து நிகரகுவா வரை வட அரைக்கோளம் முழுதும் பரவியுள்ள இந்தப் பறவை தென்னிந்தியாவில் இல்லை. எனவே தமிழில் எழுதும்போது அண்டங்காக்கை என்று பெயர்த்து வாசகரை ஏமாற்றுவதைவிட ரேவன் என்றே எழுதுவது நேர்மையானது என்று நினைக்கிறேன்.

இனி அதன் பிழைப்பைப் பார்க்கலாம். ரேவன் எதையும் தின்னும். பூச்சி, எலி, முட்டை, தானியம், குப்பை எல்லாம் அதற்கு உணவுதான். ஆயினும் பனி மூடிய மாதங்களில் அதன் உயிரைக் காப்பது செத்த விலங்குகளின் இறைச்சி. இதில் ஒரு தடை உண்டு: அத்தனை பெரிய அலகு இருந்தும் ஒரு மானின் தோலைக் கிழிக்க அதனால் இயலாது. கிழித்துக் கொடுக்க ஓநாய் வேண்டும், அல்லது கத்தி வைத்திருக்கும் மனிதன் வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1995ஆம் ஆண்டு ஓநாய்களை மீண்டும் கொண்டுவந்து விட்டபின் ஆய்வாளர்கள் கண்டது, ரேவன்கள் ஓநாய்க் கூட்டங்களை விடாமல் பின்தொடர்கின்றன என்பதும், வேட்டை முடிந்த சில நிமிடங்களுக்குள்ளாகவே அவை இறைச்சியைச் சுற்றி இறங்கிவிடுகின்றன என்பதும். இரண்டு ஓநாய்களே ஒரு பெரிய கடமானை வீழ்த்திவிடக்கூடும் என்றிருக்க, அவை ஏன் பெருங்கூட்டமாக வாழ்கின்றன என்ற பழைய கேள்விக்கு, சுப்பீரியர் ஏரியின் ராயல் தீவு ஓநாய்களை வைத்துச் சிலர் கொடுத்த விடை வியப்பானது: சிறு கூட்டமாக இருந்தால் ரேவன்கள் இறைச்சியில் பெரும்பங்கைத் தூக்கிச் சென்றுவிடும், எப்படியும் பறவைக்குப் போகும் இறைச்சியைத் தன் இனத்துக்கே கொடுத்துவிடுவது ஓநாய்க்கு இலாபம். இந்த விளக்கத்தை எல்லாரும் ஏற்கவில்லை என்றாலும், ஒரு பறவை ஓநாயின் குடும்ப அமைப்பையே மாற்றியிருக்கலாம் என்று அறிவியலாளர் கணக்குப் போட்டுப் பார்க்கும் அளவுக்கு அதன் களவு பெரியது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளில் பெர்ன்ட் ஹைன்ரிக் என்னும் ஆய்வாளர் 1980களில் குளிர்காலந்தோறும் இறைச்சியைச் சுமந்து சென்று பனியில் போட்டு, மறைந்திருந்து பார்த்தார். அவரை வியக்க வைத்தது, இறைச்சியைக் கண்ட இளம் ரேவன் தானே தின்னாமல் கத்திக் கத்தி மற்றவற்றை அழைத்ததுதான். தமிழ் வாசகருக்கு இதைப் படித்ததும் ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்ற குறள் நினைவுக்கு வராமல் இராது. ஆனால் ஹைன்ரிக் கண்டறிந்த காரணம் சுற்றந்தழுவல் அன்று. அந்தக் காட்டுப் பகுதியை ஒரு முதிர்ந்த இணை தன் எல்லையாக வைத்திருக்கும். துணை தேடாத இளசு ஒன்று தனியாக வந்து வாய் வைத்தால் அந்த இணை அதை அடித்து விரட்டிவிடும். பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தால் விரட்ட முடியாது. ஆகவே அழைப்பு என்பது ஏழையின் படை திரட்டல். அழைத்துவந்து தின்றபின் அதே பறவைகள் தமக்குள் ஒளித்தும் திருடியும் வாழ்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறள் பேசுவது நம் ஊர்க்காக்கையைப் பற்றி, ரேவனோ கரைவதும் கரப்பதும் இரண்டும் செய்யும்.

கரத்தலில்தான் அதன் மூளை முழுதாக வெளிப்படுகிறது. ரேவன் மிஞ்சிய இறைச்சியைப் பனியிலோ மண்ணிலோ புதைத்து, மேலே இலையோ பனியோ இட்டு மூடிவிடும். வேறொரு ரேவன் பார்க்கிறது என்று தெரிந்தால் ஒரு பாறைக்குப் பின்னால் நகர்ந்து புதைக்கும், அல்லது புதைப்பதுபோல் பாவனை செய்துவிட்டு இறைச்சியை வாயிலேயே வைத்துக்கொண்டு போய்விடும். வியன்னாவில் தாமஸ் புக்னியாரும் அவருடைய குழுவினரும் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனை இதை ஒரு படி மேலே கொண்டு சென்றது. இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சிறு ஒட்டுத்துளை இருந்தது. அதன் வழியே எட்டிப் பார்த்து அடுத்த அறையில் உணவு எங்கே ஒளிக்கப்படுகிறது என்று கண்டுகொள்ள முதலில் ரேவன்கள் பழகின. பிறகு அடுத்த அறையில் பறவையே இல்லாமல், ரேவன் குரலை மட்டும் ஒலிபரப்பினார்கள். துளை திறந்திருந்தபோது அவை யாரோ பார்க்கிறார்கள் என்பதுபோல் அவசரமாகப் புதைத்தன. துளை மூடியிருந்தபோது, அதே குரல் கேட்டும், நிதானமாக இருந்தன. கண்ணில் படாத ஒருவர் தன்னைக் காணக்கூடும் என்பதை, தான் அந்தத் துளை வழியே கண்ட அனுபவத்தைக் கொண்டு அந்தப் பறவை ஊகித்ததாகவே இதைக் கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் ஓஸ்வாத்தும் ஜான் கபாடாயியும் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஐந்து ரேவன்கள் பதினேழு மணி நேரம் கழித்துத் தேவைப்படப் போகும் கருவியை இப்போதே தேர்ந்து எடுத்து வைத்துக்கொண்டன. மனிதனுக்கும் மனிதக் குரங்குகளுக்கும் மட்டுமே உரியது என்று நெடுநாள் கருதப்பட்ட திறன் இது.

வயிற்றுப்பாட்டுக்குத் தொடர்பே இல்லாத பழக்கங்களும் உண்டு. பனிச்சரிவில் மல்லாந்து வழுக்கி இறங்கும்; மறுபடி மேலே நடந்து போய் மறுபடி வழுக்கும். பறந்துகொண்டே தலைகீழாகப் புரண்டு சிறிது தூரம் முதுகுப்புறமாகப் போகும். வளர்க்கப்பட்டவை மனிதப் பேச்சைத் திரும்பச் சொல்லும். துணை சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் அதே துணைதான்.

ஓநாயின் பின்னால் போகும் பறவை, படையின் பின்னாலும் போகும். போர் முடிந்த களத்தில் முதலில் இறங்குவது அதுதான் என்பதைக் கண்ணாரக் கண்ட சமூகத்தில் ஓடினின் உருவம் பிறந்தது. அவன் போரின் கடவுள், தூக்கிலிடப்பட்டவர்களின் கடவுள், ஞானத்துக்காக ஒரு கண்ணையே கொடுத்தவன். அவனுக்கு ‘ரேவன் கடவுள்’ என்றே ஒரு பெயருண்டு. ஹூகின், மூனின் என்ற இரண்டு ரேவன்கள் விடியலில் உலகைச் சுற்றப் புறப்பட்டு, கண்டதையும் கேட்டதையும் திரும்பி வந்து அவன் காதில் சொல்லும். முதற்பெயர் சிந்தனை என்ற சொல்லிலிருந்தும் இரண்டாவது நினைவு என்ற சொல்லிலிருந்தும் வந்தவை. ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியான நோர்ஸில் உள்ள பாடல் ஒன்றில் ஓடின், ஹூகின் திரும்பாமல் போய்விடுமோ என்று அஞ்சுவதாகவும், அதைவிட மூனினை எண்ணி அதிகம் அஞ்சுவதாகவும் சொல்கிறான். முதுமையில் சிந்தனை தடுமாறினாலும் பொறுக்கலாம், நினைவு போய்விட்டால் என்ன செய்வது என்று அந்த வரியைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தின்ன வரும் பறவையைச் செய்தி கொண்டுவரும் பறவையாக மாற்றியது வெறும் கற்பனை என்று சொல்ல முடியாது. எந்தப் பள்ளத்தாக்கில் எது செத்துக் கிடக்கிறது என்பதை அந்த நிலத்தில் எல்லாருக்கும் முன்னால் அறிந்துவைத்திருந்தது ரேவன்தான்.

ஒன்பதாம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து ஐஸ்லாந்தைத் தேடிப் போன ஃப்ளோக்கி என்ற மாலுமியின் கதையும் இங்கே சேரும். அவன் மூன்று ரேவன்களைக் கப்பலில் கொண்டுசென்றதாக ஐஸ்லாந்தின் குடியேற்ற வரலாற்று நூல் கூறுகிறது. முதலில் விட்டது வந்த வழியே பின்னோக்கிப் பறந்தது. இரண்டாவது மேலே எழும்பி, எங்கும் கரை காணாமல் கப்பலுக்கே திரும்பியது. மூன்றாவது முன்னோக்கிப் பறந்தது, அந்தத் திசையில் நிலம் இருந்தது. பறவையை விட்டுக் கரை காணும் இந்த உத்தி இந்தியப் பெருங்கடலிலும் இருந்தது. இலங்கை மாலுமிகள் விண்மீனைப் பார்க்காமல் பறவைகளை விட்டு அவை போகும் வழியே கப்பல் செலுத்துவதாக ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். ‘எங்கும்போய்க் கரைகாணாது எறிகடல்வாய் மீண்டேயும் வங்கத்தின் கூம்பேறும் மாப்பறவை போன்றேனே’ என்று குலசேகர ஆழ்வார் பாடியபோது அவர் கண்முன் இருந்தது ஃப்ளோக்கியின் இரண்டாவது பறவையை ஒத்த ஒன்றுதான். ஒருவர் மற்றவரிடமிருந்து கற்றார் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. நடுக்கடலில் நிற்பவனுக்கு உயரத்தில் பறக்கும் கண் தேவை, அவ்வளவே.

அதே தேவை ஊழிவெள்ளக் கதைகளிலும் வருகிறது. பண்டைய மெசொப்பொத்தேமியாவின் கில்கமேஷ் காவியத்தின் பதினோராம் களிமண் பலகையில் புறா, தகைவிலான், ரேவன் என்ற வரிசையில் பறவைகள் விடப்படுகின்றன. முதலிரண்டும் திரும்ப, ரேவன் மட்டும் திரும்பவில்லை, அதனால் நீர் வடிந்தது தெரிகிறது. விவிலியத்தில் நோவா முதலில் விடுவது ரேவனை; நல்ல செய்தி கொண்டுவரும் பெருமை மட்டும் புறாவுக்குப் போய்விட்டது. எலியா தீர்க்கதரிசிக்கு ஆற்றங்கரையில் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தவையும் ரேவன்களே. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில், தம்பியைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்று அறியாமல் நின்ற ஆதமின் மகனுக்கு மண்ணைத் தோண்டிக் காட்டுவது இந்த இனத்துப் பறவைதான். ரேவன் இறைச்சியைப் புதைக்கும் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியில் விளக்கம் தேவைப்பட்டிராது. தமிழ் மொழிபெயர்ப்புகள் எல்லா இடத்திலும் காகம் என்றே வைப்பதால், நம் மனக்கண்ணில் வருவது வீட்டுக் கொல்லையின் ஊர்க்காக்கை.

கனடாவின் மேற்குக் கரையிலும் அலாஸ்காவின் தென்கிழக்கிலும் வாழும் ஹைடா, டிலிங்கிட் மக்களிடம் ரேவன் யாருக்கும் தூதுவன் அன்று. உலகை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவனே அவன்தான். டிலிங்கிட் மக்கள் சொல்லும் கதையில், நாஸ் ஆற்றின் தலைப்பில் ஒரு முதியவன் விண்மீன்களையும் நிலவையும் பகலொளியையும் பெட்டிகளில் பூட்டி வைத்திருக்கிறான். உலகம் இருட்டில் கிடக்கிறது. ரேவன் ஊசியிலை மரத்தின் ஓர் இலையாக மாறி, அவன் மகள் குடிக்கும் நீரில் மிதந்து, அவள் வயிற்றில் கருவாகி, முதியவனின் பேரனாகப் பிறக்கிறான். பேரன் அழுதால் தாத்தாக்கள் என்ன செய்வார்கள் என்பது எங்கும் ஒன்றுதான். ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டு அழுது வாங்கி, கடைசிப் பெட்டி கைக்கு வந்ததும் தன் உருவம் கொண்டு கூரையின் புகைத்துளை வழியே பறந்துவிடுகிறான். சில வடிவங்களில் வெண்மையாக இருந்த பறவை கறுத்தது அந்தப் புகையில்தான். இந்தக் கதைகளில் ரேவன் நல்லவனும் அல்லன், கெட்டவனும் அல்லன்; பசிக்காரன், பொய்யன், பலமுறை அவமானப்படுபவன். அவன் தன் வயிற்றுக்காகச் செய்யும் குறும்பு உலகுக்கு நன்மையாக முடிந்துவிடுகிறது.

ஹைடா மக்களின் இன்னொரு கதையில், வெள்ளம் வடிந்த கடற்கரையில் ஒரு பெரிய சிப்பிக்குள் முதல் மனிதர்கள் ஒடுங்கிக் கிடக்க, ரேவன் கொஞ்சிப் பேசி அவர்களை வெளியே வரவழைக்கிறது. பில் ரீட் என்ற ஹைடா சிற்பி மரத்தில் பெரிதாகச் செதுக்கிய அந்தக் காட்சி வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் 1980 முதல் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு வரிசையில் வந்த கனடாவின் இருபது டாலர் தாளிலும் அது அச்சாகியிருந்தது. கதையோடு நிற்காமல் சமூகமும் இந்தப் பெயரில் பிரிந்திருக்கிறது. ஹைடாக்கள் ரேவன், கழுகு என்ற இரு பெருங்கிளைகளைச் சேர்ந்தவர்கள். பிள்ளை தாயின் கிளையைச் சேரும். ஒரே கிளைக்குள் மணம் செய்யக் கூடாது. நம்மில் ஒரே கோத்திரத்துக்குள் பெண் எடுக்காத வழக்கத்தைத் தாய்வழியாகத் திருப்பிப் போட்டால் இதுதான் வரும். இத்தனைக்கும் ஏன் ரேவன் என்று கேட்ட மானுடவியலாளர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ், வேட்டையாடும் விலங்குக்கும் புல்தின்னும் விலங்குக்கும் இடைப்பட்டது பிணந்தின்னும் உயிர், ஆகவே அது உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கத்தக்கது என்றார். அழகான விளக்கம்தான். என்றாலும் மீன் உலர்த்தும் கொட்டிலில் ஒரு நாள் உட்கார்ந்து அந்தப் பறவை திருடும் விதத்தைப் பார்த்திருந்தால், இத்தனை சுற்றாமலே காரணம் கிடைத்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஐரோப்பா கிறித்தவமானபின் களத்துப் பறவை தூக்குமரத்துப் பறவையாகத் தாழ்ந்தது. ஜெர்மன் மொழியில் கொலைக்களத்து மேடைக்கு ‘ரேவன் கல்’ என்று பெயர். பிள்ளைகளைக் கவனிக்காத தாயை இன்றும் ‘ரேவன் தாய்’ என்று ஏசுகிறார்கள். இதைப்போல் அநியாயமான வசை வேறில்லை, ஏனெனில் ரேவன் இணை குஞ்சுகளைச் சேர்ந்தே காத்து வளர்க்கிறது. நன்றாகப் பறக்கத் தெரியுமுன் கூட்டைவிட்டு இறங்கிக் கத்தும் குஞ்சைப் பார்த்தவர்கள் அது கைவிடப்பட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆட்டுக்குட்டிகளைக் கொல்லும் என்ற அச்சமும் சேர, சுட்டும் நஞ்சிட்டும் நெதர்லாந்து, பெல்ஜியம் உள்ளிட்ட பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் அதை அடியோடு அழித்தார்கள். பிற்பாடு நெதர்லாந்தில் வளர்ப்புப் பறவைகளை விட்டு மீட்க வேண்டியதாயிற்று. 1845ஆம் ஆண்டு அமெரிக்கக் கவிஞர் எட்கார் ஆலன் போ வெளியிட்ட புகழ்பெற்ற கவிதையில் நள்ளிரவில் வந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ரேவன், இந்தத் தாழ்ந்த நிலையின் பிள்ளை.

லண்டன் கோபுரம் என்னும் பழைய கோட்டையில் வளர்க்கப்படும் ரேவன்களைப் பற்றிச் சிலவற்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. குறைந்தது ஆறு ரேவன்கள் அங்கே இருக்க வேண்டும், அவை போய்விட்டால் அரசு கவிழும், பதினேழாம் நூற்றாண்டில் இரண்டாம் சார்லஸ் மன்னரே அப்படி ஆணையிட்டார் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படுகிறது. ஆவணங்களைத் தேடிய வரலாற்றாய்வாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் அங்கே ரேவன்கள் வளர்க்கப்பட்டதற்கே சான்று காணவில்லை. அரசு கவிழும் என்ற பேச்சு இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. பழைய வேல்ஸ் கதையொன்றில் ரேவன் என்று பொருள்படும் பிரான் என்ற மாவீரனின் தலை கோபுரம் நிற்கும் குன்றில் புதைக்கப்பட்டு நாட்டைக் காத்தது உண்மைதான். அதற்கும் இன்றைய பறவைகளுக்கும் தொடர்பைப் பிற்காலத்தார் முடிச்சிட்டார்கள். 2021ஆம் ஆண்டு தொடக்கத்தில் மெர்லினா என்ற பறவை காணாமற்போனபோது உலகச் செய்திகளில் அது இடம்பெற்றது. அரசு கவிழவில்லை, மிச்சம் ஏழு பறவைகள் இருந்தன.

உண்மையிலேயே அரசமுடியில் ரேவன் இருப்பது பூட்டானில். அந்நாட்டின் தேசியப் பறவை அது. மன்னர் சூடும் முடியின் உச்சியில் ரேவனின் தலை அமைந்திருக்கும். பூட்டானைக் காக்கும் மகாகாளரின் ரேவன் முக வடிவத்திலிருந்து வந்த அந்த முடியை, முதல் மன்னரின் தந்தையான ஜிக்மே நம்கியால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்களின்போது அணிந்தார். நம் அண்டை நாட்டிலேயே இப்படி ஒரு மரபு இருக்க, ரேவன் என்றதும் நாம் லண்டனையே நினைப்பது படித்த புத்தகங்களின் விளைவு.

இந்தியாவிலேயே அதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குளிர்காலத்தில் ராஜஸ்தானின் பிகானேர் வட்டாரப் பாலை. மற்றொன்று, லடாக், ஸ்பிட்டி போன்ற உயரமான இமயமலைப் பகுதிகள். எவரெஸ்ட்டில் 6,000 மீட்டருக்கு மேலும் அதைக் கண்டிருக்கிறார்கள். மலைப்பகுதியில் ஓர் எச்சரிக்கை: அங்கே கூட்டமாகச் சுழன்று பறக்கும் வேறொரு கருநிறப் பறவை உண்டு, அதன் அலகு மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும், அது ரேவன் அன்று. அலகு கறுப்பா என்று முதலில் பாருங்கள், பிறகு வாலின் ஆப்பு வடிவத்தை. அதற்குள் அது ஒருமுறை குரல் கொடுத்துவிட்டால் இரண்டையும் பார்க்க வேண்டியதில்லை.